மதுரையில் இருந்தபடியே லிங்க்ட்இன், வாட்ஸ்அப் வழியாக வேலை தேடுவது எப்படி?

பி.காம். முடித்துவிட்டு கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி வேலைக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்ததும் வேலைவாய்ப்புத் தளங்களில் தினமும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். மாதக்கணக்கில் ஒரு பதிலும் இல்லை. கடைசியில் வேலை கிடைத்தது, அதுவரை நேரில் பார்த்தே இராத ஒருவர் வழியாக. எங்கள் கல்லூரியில் எனக்குச் சில வருடம் முன்பு படித்தவர். லிங்க்ட்இன்னில் அவரிடம் ஒரு சின்ன சந்தேகம் கேட்டேன், பேச்சு அப்படியே வளர்ந்தது.

அப்பாவுக்கோ மாமாவுக்கோ கம்பெனியில் ஆள் தெரிந்த வீடுகளில் இதெல்லாம் தானாக நடந்துவிடும். அப்படி யாரும் இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வருகிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1. முதலில் காகிதங்கள், அதிலும் பெயர்

புரொஃபைல் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் ஆவணங்களை எல்லாம் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய சிக்கல். மார்க் ஷீட்டில் "முத்துக்குமார் ரா" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியல் மட்டும் போட விடமாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து "முத்துக்குமார் ராமசாமி" ஆகியிருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், அல்லது அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். வேலை கிடைக்கும்வரை இதை யாரும் கவனிப்பதில்லை. ஆஃபர் வந்த பிறகு, பின்னணிச் சரிபார்ப்பின்போதும் பி.எஃப். கணக்கு திறக்கும்போதும் இது முட்டிக்கொண்டு நிற்கும். ஜாயினிங் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆதார் சேவை மையத்தில் டோக்கனுக்கு நிற்பது பெரிய வேதனை. எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். இனிஷியல் விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் விளக்கம் சொன்னால் போதும். ஆனால் ரெஸ்யூமேயிலும் லிங்க்ட்இன்னிலும் ஒரே வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் (இப்போது நீங்கள் வைத்திருக்கும் மொபைல் எண் அதில் இணைந்திருக்க வேண்டும்), பான், பத்தாம் வகுப்பு மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், புரொவிஷனல் அல்லது பட்டச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ. முன் அனுபவம் உள்ளவர்களுக்குக் கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டும் ரிலீவிங் லெட்டரும் சேரும். கடையிலோ சின்ன ஆபீஸிலோ வேலை பார்த்து சம்பளத்தைக் கையில் வாங்கியவர்கள், அங்கிருந்து கிளம்பும் முன்பே லெட்டர்ஹெட்டில் ஒரு அனுபவச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

பான் இல்லாதவர்கள் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆதாரில் மொபைல் எண் இருந்தால் வருமான வரித்துறைத் தளத்திலேயே இ-பான் இலவசமாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2. எந்த வேலைக்கு எந்த இடம்

எல்லா வேலையும் லிங்க்ட்இன்னில் வராது. இது புரியாமல்தான் பலர் தப்பான குளத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

ஐ.டி., பி.பி.ஓ., பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு, ஹெச்.ஆர்., டிசைன் போன்ற வேலைகளுக்கு லிங்க்ட்இன்னும் நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளமும். மதுரைக்குள்ளேயே வேண்டும் என்றால் இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. வளாகங்களில் எந்தெந்தக் கம்பெனிகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் லிங்க்ட்இன் பக்கத்தையும் பின்தொடருங்கள். மாட்டுத்தாவணியில் டைடல் பார்க்குக்கு 2025-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே வரப்போகும் கம்பெனிகள் பற்றிய செய்தியையும் கவனித்து வாருங்கள்.

கப்பலூர் தொழிற்பேட்டை, மருத்துவமனைகள், ஜவுளிக்கடைகள், வாகன ஷோரூம்கள், தனியார் பள்ளிகள் எல்லாம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் குழு, உள்ளூர் இன்ஸ்டாகிராம் பக்கங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்கின்றன. கூடவே தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையம் இருக்கிறது. பதிவு இலவசம். கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் கம்பெனிகளை அழைத்து, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், முகாம் நடத்துகிறார்கள். அறிவிப்பு முன்கூட்டியே வரும். அதற்கும் கட்டணம் கிடையாது. ஃப்ரெஷர்கள் ஒரு முறையாவது போங்கள். வேலை கிடைக்காவிட்டாலும், நேர்காணலில் உட்கார்ந்து பேசிய அனுபவம் கிடைக்கும்.

3. புரொஃபைலில் எழுத வேண்டியது

லிங்க்ட்இன்னில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்து வரை இடம் உண்டு. பலரும் அங்கே "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள். ஆள் தேடுகிறவர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவதில்லை. "டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், எக்செல்" என்று போட்டுத்தான் தேடுகிறார். அதனால் தெரிந்த வேலை, மென்பொருள், ஊர் மூன்றும் அந்த வரியில் இருக்கட்டும். "கணக்கர் | டேலி பிரைம், ஜிஎஸ்டிஆர்-1, 3பி, வங்கிக் கணக்கு ஒப்பீடு | மதுரை, சென்னைக்கும் வரத் தயார்" என்பது மாதிரி. இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், தேடுவது அந்த மொழியில்தான் நடக்கிறது.

அனுபவப் பகுதியில் பதவியின் பெயரை விட, செய்த வேலையை எழுதுங்கள். "கணக்கர், மொத்தக் கடை" என்றால் எதுவும் புரியாது. "மளிகை மொத்த வியாபாரம், தினசரி கொள்முதல், விற்பனை பில் பதிவு, சப்ளையர் பாக்கி சரிபார்ப்பு, மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலுக்கான விவரம் தயாரிப்பு" என்றால் நீங்கள் என்ன தெரிந்தவர் என்று கம்பெனிக்காரருக்குப் புரிந்துவிடும். கடை வேலையைக் குறைவாக நினைத்து மறைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தீபாவளி நேரத்து மொத்தக்கடைக் கணக்கைத் தப்பில்லாமல் சமாளித்தவருக்கு எந்த ஆபீஸ் கணக்கும் பழகிவிடும்.

"வேலைக்குத் தயார்" என்று காட்டும் வசதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரியும், போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். மற்றொன்று ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும். இப்போது வேலையில் இருப்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் உங்கள் முதலாளிக்குத் தெரியவே தெரியாது என்று முழு உத்தரவாதம் கிடையாது.

நௌக்ரியில் வேறு ஒரு சூட்சுமம். அங்கே ஆள் தேடுபவர்கள், சமீபத்தில் யார் தளத்துக்குள் வந்தார்கள் என்று வடிகட்டிப் பார்க்க முடியும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது உள்ளே போய், ஒரு வரியையாவது திருத்திச் சேமியுங்கள். ரெஸ்யூமே 2 எம்பிக்குள் இருக்கட்டும். நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகு வேலை பார்க்க வேண்டிய காலம்) கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

4. கல்லூரிப் பக்கத்தில் சீனியர்களைத் தேடுங்கள்

லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பெயரைத் தேடி, அதன் பக்கத்துக்குள் போங்கள். அங்கே முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். எங்கே வசிக்கிறார்கள், எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், என்ன வேலை என்று பிரித்துப் பார்க்கலாம். மதுரையின் பெரிய கலைக் கல்லூரிகளின் பக்கங்களில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரி சின்னது என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரிலும், பள்ளியின் பெயரிலும் தேடுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? கம்பெனியின் தலைவருக்கும் ஹெச்.ஆர். மேலாளருக்கும் எழுதுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. அவர்களுக்கு வருகிற செய்திகள் எக்கச்சக்கம். நீங்கள் விரும்பும் வேலையில் இரண்டு முதல் ஐந்து வருடம் இருக்கிறவர்தான் சரியான ஆள். அவர் இதே பாதையில் சமீபத்தில் வந்தவர், நினைவு பசுமையாக இருக்கும், பதில் சொல்ல நேரமும் மனசும் இருக்கும்.

5. முதல் செய்தியை எழுதும் விதம்

இந்தப் படியில்தான் காரியம் நடப்பதும் கெடுவதும். "ஹாய் சார், எனி ஜாப் வேகன்சி?" என்று எழுதினால் பதில் வராது. எழுதியவர் யார், என்ன தெரியும், எந்த வேலை வேண்டும் என்று எதுவுமே அதில் இல்லை. படிக்கிறவர் அத்தனையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதல் செய்தியில் வேலை கேட்காதீர்கள், ரெஸ்யூமேயை இணைக்காதீர்கள். அவரால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

நான் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம் சார். நான் உங்கள் கல்லூரியில் பி.காம். படித்தவன். இப்போது மொத்தக் கடையில் டேலியில் கணக்கு பார்க்கிறேன். கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு மாற முயற்சி செய்கிறேன். உங்கள் டீமில் புதிதாக வருகிறவர்களிடம் எக்செல் எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள்? பைவட் டேபிள், விலுக்அப் வரை போதுமா?"

ராத்திரியே பதில் வந்தது. "அது போதும், ஆனா கையில செஞ்சு காட்டச் சொல்வாங்க" என்று. அந்த ஒரு வரியால் நான் எதைப் படிக்க வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. கொஞ்ச வாரம் கழித்து, "நீங்கள் சொன்னபடி பழகிவிட்டேன், ஒரு மாதிரி ஃபைல் செய்திருக்கிறேன்" என்று திரும்ப எழுதினேன். ரெஸ்யூமேயை அனுப்பச் சொன்னது அவர்தான்.

சில குறிப்புகள். மதுரைக்காரர் என்று தெரிந்தாலும் முதல் செய்தியிலேயே "அண்ணே" வேண்டாம். சார், மேடம் போதும், அவர்களே "அண்ணான்னு கூப்பிடு" என்று சொல்லும்வரை. லிங்க்ட்இன் இலவசக் கணக்கில், குறிப்பு எழுதி அனுப்பும் அழைப்புகளுக்கு மாதவாரியாக வரம்பு உண்டு. அதனால் யாருக்கு எழுதுவது என்று யோசித்துச் செலவழியுங்கள். குறிப்பு இரண்டு மூன்று வரியைத் தாண்டாமல் இருக்கட்டும். பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப் எண்ணை எங்கிருந்தோ தேடிப்பிடித்து அழைப்பது கூடவே கூடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வேலை விஷயமாகத் தொடங்கிய பேச்சு வேறு பக்கம் திரும்பினால், சங்கடப்படாமல் தடை செய்துவிட்டு நகருங்கள். உதவியவர் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

6. ரெஃபரல் கேட்கும்போது வரிசை முக்கியம்

பெரிய கம்பெனிகளில் ஊழியர்கள் தங்கள் உள்தளம் வழியாக ஒருவரைப் பரிந்துரைக்கலாம். அவர் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகையும் தருவார்கள். அதனால் ரெஃபரல் கேட்பது பிச்சை கேட்பது இல்லை, கூச்சம் வேண்டாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பல கம்பெனிகளில், நீங்கள் ஏற்கெனவே அவர்கள் தளத்தில் நேரடியாக விண்ணப்பித்திருந்தால் உங்கள் பெயர் பதிவாகியிருக்கும். அதன் பிறகு யார் ரெஃபர் செய்தாலும் சில மாதத்துக்கு ஏற்காது. எனவே உள்ளே ஆள் இருக்கும் கம்பெனி என்றால், முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். கேட்கும்போது அந்த வேலையின் அடையாள எண், லிங்க், ரெஸ்யூமே, மொபைல் எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே செய்தியில் கொடுங்கள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

ரெஃபரல் செய்வது இலவசம். காசு கேட்டு "உள்ளே போட்டுவிடுகிறேன்" என்பவர் எந்தக் கம்பெனியில் இருந்தாலும் நம்பாதீர்கள். அது பேக்டோர், வெளியே தெரிந்தால் சேர்ந்த வேலையும் போகும்.

7. மோசடிகள்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

என்னோடு படித்த ஒருவர் "லேப்டாப் டெபாசிட்" என்று சொன்ன ஓர் இடத்தில் பணம் கட்டி ஏமாந்தார். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. அதனால் இதை அழுத்தமாகவே எழுதுகிறேன்: வேலைக்கு எடுக்கும் கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், யூனிஃபார்ம், சரிபார்ப்புக் கட்டணம், திருப்பித் தருகிற டெபாசிட், பெயர் எதுவானாலும் சரி.

டெலிகிராமில் "ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, வீடியோவுக்கு லைக் போடு" என்று ஆரம்பிப்பார்கள். முதலில் நூறு, இருநூறு உங்கள் கணக்குக்கு வரும். அப்புறம் "பெரிய டாஸ்க்" என்று நீங்கள் பணம் போட வேண்டும் என்பார்கள். அந்தப் பணம் திரும்பாது. இன்னொரு வகை, உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ வாடகைக்குக் கேட்பது. அதில் மோசடிப் பணம் ஓடினால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

சரிபார்க்கும் வழி எளிது. மின்னஞ்சல் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறதா, ஜிமெயிலிலிருந்தா என்று பாருங்கள். சின்னக் கம்பெனிகள் ஜிமெயிலும் வைத்திருக்கும், அப்போது மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டு, பதிவு இருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம். ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். பெரிய கம்பெனியின் பெயரில் வந்தால், அவர்கள் தளத்தின் கேரியர்ஸ் பக்கத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) எதையும் திறக்காதீர்கள். ஓடிபி சொல்லாதீர்கள். அசல் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து, மியான்மருக்குக் கடத்திக்கொண்டு போய் ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்களைப் பற்றி 2022-இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

வாட்ஸ்அப் அமைப்புகளில், உங்களைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் "என் தொடர்புகள்" என்று மாற்றி வையுங்கள். பாதி தொல்லை குறையும். குழுவில் ரெஸ்யூமே போடும்போது ஆதார் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எதுவும் அதில் வேண்டாம்.

8. செலவும் காலமும்

லிங்க்ட்இன் பிரீமியம் தேவையில்லை. "ரெஸ்யூமே எழுதித் தருகிறோம், ஆயிரம் கம்பெனிக்கு அனுப்புகிறோம்" என்ற கட்டணச் சேவைகளும் தேவையில்லை. ஸ்கேன், ஜெராக்ஸ், போட்டோ, மாத டேட்டா பேக், நேர்காணலுக்குப் போகும் டிக்கெட், இவ்வளவுதான் செலவு. உட்கார்ந்து படிக்க வீட்டில் இடம் இல்லாதவர்கள் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள்.

காலம் பிடிக்கும். புரொஃபைல் ஒழுங்காக ஒரு வாரம், பேச்சுப் பழக்கம் உருவாக ஒன்றிரண்டு மாதம், அழைப்பு வர அதற்கு மேல் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தேடாதீர்கள்.

9. நேர்காணல் நாள்

வீடியோ நேர்காணலுக்கு நேரம் ஒத்துக்கொள்ளும் முன் உங்கள் பகுதியின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பாருங்கள். முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். காலை 9 மணிக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் நகருக்குள் இருப்பவர்கள் வேறு தேதி கேளுங்கள். பெங்களூரில் இருந்து பேசுகிறவருக்கு அன்று மதுரை எப்படி இருக்கும் என்று தெரியாது. "உள்ளூர் விடுமுறை" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சென்னையில் நேரடி நேர்காணல் என்றால் முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். பகலில் வைகை எக்ஸ்பிரஸில் போனால் மதியம் தாண்டிவிடும், காலை நேர்காணலுக்கு ஆகாது. கடைசி நேரத்தில் தட்கல் எடுக்க ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதை இன்றே முடித்து வையுங்கள்.

10. ஆஃபர் வந்த பிறகு

ஆஃபர் லெட்டரில் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று போட்டிருக்கும் தொகை முழுதாகக் கைக்கு வராது. ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 என்று நினைப்போம். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய், அதற்குள்தான் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) சுமார் 600 போகும். உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. ஆகக் கைக்கு வருவது 21,400 ரூபாயை ஒட்டி இருக்கும். இதில் தொழில்வரியும் கழியும். சென்னை, பெங்களூர் என்றால் விடுதி வாடகையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். சம்பளப் பிரிப்பு இல்லாமல் மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தால், பிரித்துக் கேட்டு மின்னஞ்சலில் வாங்குங்கள்.

பாண்ட் (இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) இருக்கிறதா, எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். பழைய இடத்தில் ராஜினாமாவை ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகு மட்டும் கொடுங்கள். வாய்வழியாக "கன்ஃபர்ம் ஆகிவிட்டது" என்று சொன்னதை நம்பிக் கொடுக்காதீர்கள்.

சேர்ந்ததும் லிங்க்ட்இன்னில் "வேலைக்குத் தயார்" குறியை எடுத்துவிட்டு, புது வேலையைச் சேருங்கள். உதவியவர்களுக்குத் தனித்தனியாக எழுதிச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் கல்லூரியிலிருந்து யாராவது எக்செல் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டு எழுதினால், அன்றைக்கே பதில் போடுங்கள்.